அல்சேஷன் நாயை உருவாக்கிய குதிரைப்படை கேப்டன்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் போனால் பல வீடுகளின் வெளிக்கதவில் ஒரு பலகை தொங்கும். நாய் ஜாக்கிரதை!

கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால், சில வீடுகளில் ஒரு பெரிய நாய் நிற்கும். நிமிர்ந்த காது. கறுத்த முதுகு. புசுபுசு என்று தொங்கும் வால். நம் ஊரில் இதற்குப் பெயர் அல்சேஷன். சினிமாவில் திருடனைத் துரத்திய நாய் இது. போலீசில் மோப்பம் பிடித்துப் பேர் வாங்கிய நாயும் இதுதான்.

இது தானாக வந்த ஜாதி நாய் அல்ல. ஒரு மனிதர் திட்டம் போட்டு உருவாக்கிய ஜாதி. அவர் பெயர் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ். ஜெர்மனி நாட்டுக் குதிரைப்படையில் கேப்டனாக இருந்தவர்.

இந்த நாயை அவர் எதற்காக உருவாக்கினார்? அதைத் தெரிந்து கொண்டால், அல்சேஷன் நாயை நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப் போட நமக்கு மனம் வராது.

மந்தையில் கண்ட காட்சி

ஸ்டெபானிட்ஸ் 1864-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி டிரெஸ்டன் நகரில் பிறந்தார். பிரபுக் குடும்பம். ராணுவத்தில் சேர்ந்தார். சில காலம் பெர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். மிருகங்களின் எலும்பு, தசை, நடை எல்லாவற்றையும் அங்கே கற்றுக்கொண்டார்.

ஒரு தடவை ராணுவப் பயிற்சிக்காகக் கிராமப்புறம் போயிருந்தார். அங்கே ஓர் ஆட்டு மந்தையைக் கண்டார்.

ஜெர்மனியில் மேய்ச்சல் நிலத்தை ஒட்டியே பயிர் விளையும். நடுவில் வேலி கிடையாது. நாய்தான் வேலி! எல்லை ஓரமாக அது முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் ஆடு கூடப் பயிரில் வாய் வைக்க முடியாது. இடையர் கையை அசைத்தால் போதும், நாய் புரிந்து கொள்ளும்.

கேப்டன் மெய்ம்மறந்து பார்த்தார். அவர் மனதில் ஓர் ஆசை முளைத்தது.

நம் நாட்டில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று ஊருக்கு ஒரு நாய் இருப்பது போல, ஜெர்மனியிலும் வட்டாரத்துக்கு ஒரு மந்தை நாய் இருந்தது. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒன்றின் காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்றின் காது தொங்கும். இவற்றில் சிறந்தவற்றைச் சேர்த்து ஒரே ஜாதியாக வளர்க்க வேண்டும் என்று அவர் நினைத்தார்.

காதலால் போன பதவி

1898-ல் அவருக்குக் கேப்டன் பதவி கிடைத்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. அவர் ஒரு நாடக நடிகையை மணந்து கொண்டார். நடிகையை மணப்பது ராணுவ அதிகாரியின் கவுரவத்துக்குக் குறைவு என்று அந்தக் காலத்தில் கருதினார்கள். அவர் ராணுவத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று.

அவர் மனம் உடைந்து போகவில்லை. நாய் வளர்ப்பில் முழுமூச்சாக இறங்கினார்.

1899 ஏப்ரல் மாதம் கார்ல்ஸ்ரூ நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. அங்கே ஹெக்டர் என்ற மந்தை நாயைப் பார்த்தார். சுமார் இரண்டு அடி உயரம். உறுதியான உடல். கண்ணில் அறிவு. அங்கேயே விலைக்கு வாங்கிவிட்டார். அதற்கு ஹோரண்ட் என்று புதுப் பெயர் வைத்தார்.

அதே மாதம் 22-ந் தேதி ஒரு சங்கம் தொடங்கினார். அதற்கு அவரே தலைவர். சங்கத்தின் பதிவுப் புத்தகத்தில் முதல் எண் ஹோரண்டுக்குத்தான்.

வேலைதான் முக்கியம்

அழகுக்காக நாய் வளர்ப்பது கேப்டனுக்குப் பிடிக்காது. வேலை செய்யத் தெரியாத நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் கணக்கில் சேராது. அறிவும் உழைப்பும்தான் அவருடைய உரைகல்.

அப்போது ஜெர்மனியில் தொழிற்சாலைகள் பெருகின. ஆட்டு மந்தைகள் குறைந்தன. மந்தை இல்லாவிட்டால் நாய்க்கு ஏது வேலை?

கேப்டன் சும்மா இருக்கவில்லை. போலீசாரிடமும் ராணுவத்திடமும் போய், நாய்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்கள் எளிதில் சம்மதிக்கவில்லை. நாய்களின் திறமையைக் கண்ட பிறகு மனம் மாறினார்கள்.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. நாய்கள் போர்முனைக்குச் சென்றன. குண்டு மழையில் செய்தி கொண்டு போயின. காயம்பட்டு விழுந்து கிடந்த வீரர்களைத் தேடிக் கண்டுபிடித்தன. போரில் கண் இழந்தவர்களுக்கு வழி காட்டும் நாய்களைப் பழக்க, 1916-ல் ஓல்டன்பர்க் நகரில் ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது.

ஆடு காத்த நாய், கண் இழந்தவனுக்குக் கண் ஆயிற்று!

அல்சேஷன் பெயர் எப்படி வந்தது?

ஜெர்மன் மொழியில் இந்த நாயின் பெயருக்கு ஜெர்மன் ஆட்டிடைய நாய் என்பது பொருள். போருக்குப் பின் இங்கிலாந்தில் ஜெர்மனி என்ற சொல்லைக் கேட்டாலே வெறுப்பு. ஆகவே, பிரான்சு எல்லையில் உள்ள அல்சேஸ் பகுதியின் பெயரைச் சூட்டி அல்சேஷன் என்று அழைத்தார்கள். அந்தப் பெயர்தான் நம் ஊருக்கும் வந்தது. 1977-ல் இங்கிலாந்து நாய் வளர்ப்போர் சங்கம் பழைய பெயரை மறுபடியும் ஏற்றது.

கேப்டன் செய்த தவறு

கேப்டன் தவறே செய்யாதவர் அல்ல. நல்ல குணம் நிலைக்க வேண்டும் என்பதற்காக, நெருங்கிய ரத்த உறவுள்ள நாய்களையே திரும்பத் திரும்பச் சேர்த்தார். நல்ல குணத்தோடு குறைகளும் வழிவழியாக வந்தன.

போருக்குப் பின் இந்த நாய்க்கு ஏகப்பட்ட கிராக்கி. பலர் பணத்துக்காகக் குட்டி போட வைத்தார்கள். நாய்களின் உருவமும் குணமும் கெட்டன. 1925-ல் நடந்த பெரிய போட்டியில் குளோடோ என்ற நாயைக் கேப்டன் முதல்வனாகத் தேர்ந்தெடுத்தார். அது உயரம் குறைந்து, நீளம் கூடிய நாய். அதைக் கொண்டு ஜாதியைத் திருத்தப் பார்த்தார்.

இடுப்பு மூட்டுக் கோளாறு இன்றும் இந்த ஜாதியை வாட்டும் நோய். குட்டி வாங்குகிறவர்கள் தாய், தகப்பன் நாய்களின் இடுப்பு நலத்தை விசாரித்து வாங்குவது நல்லது.

கடைசிக் காலம்

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாஜிகள் நாய்ச் சங்கத்தையும் விட்டு வைக்கவில்லை. கேப்டனுக்கு நெருக்கடி கொடுத்தார்கள். 36 ஆண்டுகள் கட்டிக் காத்த சங்கத்தை விட்டு 1935-ல் அவர் விலகினார்.

மறு ஆண்டு, 1936 ஏப்ரல் 22-ந் தேதி, டிரெஸ்டன் நகரில் காலமானார். அவர் சங்கம் தொடங்கியதும் இதே ஏப்ரல் 22-ந் தேதிதான்!

நம் ஊர் வெயிலில்

கேப்டன் மறைந்துவிட்டார். அவர் உருவாக்கிய நாய் நம் தெருவிலும் இருக்கிறது. ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை எடை இருக்கும். அதன் உடம்பில் இரண்டு அடுக்கு முடி. குளிர் நாட்டுக்கு ஏற்ற உடம்பு. நம் சித்திரை வெயில் அதற்கு ஆகாது.

வெயில் ஏறுமுன் காலையிலும், பொழுது சாய்ந்த பின் மாலையிலும் நடக்க வையுங்கள். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். வெயிலுக்குப் பயந்து முடியை மழித்துவிடாதீர்கள். அந்த முடிதான் தோலுக்குக் குடை. தினமும் சீவி, உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

சாப்பாட்டை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வெங்காயமும் வேக வைத்த எலும்பும் கூடாது. வெறிநோய்த் தடுப்பு ஊசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு ஏதாவது வேலை கொடுங்கள். ஒளித்து வைத்த பந்தைத் தேடச் சொல்லுங்கள். பேப்பரை எடுத்து வரப் பழக்குங்கள். நாள் முழுவதும் கட்டிக் கிடக்கும் நாய் எரிச்சல் கொள்ளும். போவோர் வருவோரை எல்லாம் பார்த்துக் குரைக்கும். ஒரு நாள் கடித்தும் விடும். அது நாயின் குற்றம் அல்ல.

மந்தையைக் காத்த ஜாதி அது. உங்கள் வீட்டில் மந்தை இல்லாமல் இருக்கலாம். குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா? மாலையில் அவர்களோடு சேர்ந்து ஓட விடுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள்.