ஒரே மெஷின், ஊரெல்லாம் க்யூ

போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி லேப் சர்வர்ல மாடலை ட்ரெய்ன் ஆக விட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில பார்த்தா குரூப்ல எல்லாரும் திட்டி வெச்சிருக்காங்க. எல்லா கோரையும் என் ஜாப்பே பிடிச்சிருக்கு. இந்தச் சண்டை எப்போ ஆரம்பிச்சதுன்னு தேடினப்போதான் ஆர். நரசிம்மனைப் பற்றித் தெரிஞ்சது.

1926-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் டெலிகம்யூனிகேஷன் படிச்சார். அப்புறம் கால்டெக், இண்டியானாவில் கணித டாக்டரேட். 1954-ல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் குழு கட்டிய கம்ப்யூட்டர் 1960-ல் ஓடத் தொடங்கியது. டிஃப்ராக் என்ற பேர் 1962-ல் நேரு வெச்சது. மெமரி 2,048 வேர்டு, ஒவ்வொன்றும் 40 பிட். அதாவது 10 கிலோபைட். ஒரு ஸ்டிக்கர் அனுப்பக்கூடப் பத்தாது!

நாலே வருஷத்தில் அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 வந்தது. தான் கட்டின மெஷின் அவ்வளவு சீக்கிரம் பழசானா எனக்கெல்லாம் மனசு விட்டுப் போயிருக்கும். அவரோ புது மெஷினை நாட்டுக்கே பொதுவாக்கும் வேலையில் இறங்கினார். பல ஊர் பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்களில் இருந்து கார்டு கட்டுகள் வந்து வரிசையில் நின்றன. முன்னாடி ஒரு பெரிய கணக்கு மாட்டினா பின்னாடி இருக்கிற சின்னது காத்துக் கிடக்கணும்.

எங்க ஊர் குள்ளஞ்சாவடி பக்கம் கூட்டுக் கிணறுன்னா முறை உண்டு. ஒருத்தர் கொல்லை முழுசா நனையுற வரைக்கும் மோட்டார் அவருக்கேன்னா மத்தவங்க பயிர் காய்ஞ்சிடும். எழுபதுகளில் நரசிம்மன் தலைமையில் அமைந்த தேசிய மென்பொருள் மையத்துக்கு வந்த டெக்-10 இந்த முறையைத்தான் நொடிக்குள்ள வெச்சது. டெர்மினல் முன்னால் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருப்பவருக்கு முதல் இடம். விடாம சிபியு கேட்கிற ஜாப் பின்வரிசைக்குப் போகும். ஆனா அதன் முறை வரும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும், அதனால அதுவும் ஒருநாள் முடியும். இது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

இந்தியக் கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தலைவரும் அவர்தான். 1977-ல் பத்மஸ்ரீ. 2007-ல் மறைந்தார்.

இப்போ என் ஜாப்பை நைஸ் 19 போட்டுத்தான் விடுறேன். லினக்ஸ்ல அதுதான் கடைசி வரிசை. யாரும் இல்லாத நேரம் முழு வேகம், ஆள் வந்தா ஒதுங்கிக்கும். ஒரு மணி நேரம் லேட்டா முடியுது. குரூப்ல சத்தமே இல்ல.