மண்ணில் மனை கண்டவர்

கட்டடக் கலைஞர் ஹசன் பாத்தியை நான் பெரிதும் மதிப்பதற்கு அவர் பெற்ற வெற்றிகள் மட்டும் காரணமல்ல. அவருற்ற தோல்வியொன்றும் காரணமாகும்.

1900ஆம் ஆண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரிற் பிறந்த பாத்தி, கெய்ரோவிற் கட்டடக்கலை பயின்றார். நாட்டுப்புற ஏழைகளின் இழிந்த குடில்கள் அவர் நெஞ்சை வருத்தின. சீமெந்தும் இரும்பும் வாங்க அவர்களிடம் பொருளில்லை. காலடியிலோ களிமண் நிறைந்து கிடந்தது. இரண்டாம் உலகப்போரின்போது மரமும் அரிதாகவே, கூரைக்கு வழிதேடி அஸ்வானுக்குச் சென்றார். அங்கே நூபியக் கொத்தர்கள், மரச்சட்டத்தின் தாங்குதலின்றியே பச்சைமண் கற்களால் வளைகூரை எழுப்பும் பழந்தொழிலைக் கைவிடாதிருந்தனர்.

1945இல் அரசாங்கம், லக்சருக்கு எதிரே பண்டைக் கல்லறைகளின்மீது வாழ்ந்த குர்ணா மக்களுக்குப் புதிய ஊர் அமைக்கும் பணியை அவரிடம் ஒப்படைத்தது. தடித்த மண்சுவர் பகல் வெம்மையைத் தடுத்தது. முற்றம் இரவின் தண்மையைத் தேக்கிவைத்தது. பாடசாலையிலே, உயரத் திறந்த காற்றுவாயில் காற்றை உள்ளே இறக்கிற்று. பள்ளிவாசலும் சந்தையும் எழுந்தன. ஆயினும் மக்கள் குடிபெயர மறுத்தனர். கல்லறைகளிற் கிடைத்த பொருள்களே அவர்களுட் பலருக்குப் பிழைப்பு. ஊரைவிட்டால் அது போய்விடும். சில ஆண்டுகளில் வேலை நின்றது. ஊரின் ஒரு பகுதியே முற்றுப்பெற்றது.

அத் தோல்வியை அவர் மறைக்கவில்லை. 1969இல் அதனையே நூலாக்கினார். 1973இல் அந்நூல் சிக்காகோவில் வெளிவந்து, பல நாட்டு இளங் கலைஞர்களின் கைகளை அடைந்தது. 1980இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசு அவரைத் தேடி வந்தது. 1989இல் மறைந்தார்.

நலந்தரும் மனைகளை வகுக்கும் தொழிலை நாடும் இளைஞர், காற்றின் போக்கையும் மண்ணின் குணத்தையும் பாத்தியிடம் கற்கட்டும். குடியிருப்போரின் பிழைப்பையும் முதலிற் கேட்டறிதல் வேண்டுமென்பதைக் குர்ணாவிடமே கற்கவேண்டும் என்பேன்.