பெரியாற்றைத் திருப்பியவர்

நுழையும்முன்

ஒரு மலையின் இருபுறமும் ஒரே அளவு மழை பெய்வதில்லை. ஒருபுறம் வெள்ளம் பெருகிக் கடலிற் கலக்க, மறுபுறம் வயல்கள் வெடித்துக் கிடந்த காலம் ஒன்றிருந்தது. அந்நிலையை மாற்றப் பலரும் எண்ணினர், சிலர் முயன்றனர், ஒருவர் செய்து முடித்தார். அவர் அமைத்த நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடே இன்று பெரியாறு தேசியப் பூங்காவாக விளங்குகிறது. கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் வாழ்வையும் அவருடைய பணி நிகழ்ந்த மலையையும் அறிவோம்.

மலையின் இரு முகங்கள்

இராசபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு, வானத்தை மறைத்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். தெற்கே சிவகிரி மலையும் வடக்கே திருவில்லிபுத்தூர் மலையும் அதன் பகுதிகளே. தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் மழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பால் விழுந்துவிடுகிறது. இப்பால் உள்ள நிலம் மழை மறைவு நிலம். எனவே இங்குள்ள உழவர்கள் கண்மாய்களையும் கிணறுகளையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பி வாழ்கின்றனர்.

சிவகிரி மலைத்தொடரின் சுந்தரமலைப் பகுதியில் பெரியாறு தோன்றுகிறது. நாம் காணும் மலையின் மறுபக்கத்தில் அது வடக்கு நோக்கி அடர்ந்த காட்டின் ஊடே ஓடுகிறது. முல்லையாற்றைத் தன்னுடன் சேர்த்துக்கொள்கிறது. பின்னர் மேற்கே திரும்பி 244 கிலோமீட்டர் நீளமுள்ள பயணத்தை அரபிக்கடலில் முடிக்கிறது. மலைமுகட்டுக்குக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கும் வைகைச் சமவெளியும் உள்ளன. நீர் மிகுந்த ஆற்றையும் நீர் வேண்டிய நிலத்தையும் பிரித்து நிற்பது அந்த முகடு ஒன்றே.

எண்ணியவர்கள் பலர்

மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் பென்னிகுவிக்குக்கு முன்பே தோன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாக இருந்த முத்திருளப்பப் பிள்ளை, பன்னிருவரை அனுப்பி மலையை ஆராயச் செய்தார். திட்டம் நிறைவேறக்கூடியதே என்று அவர்கள் கூறினர். ஆயினும் அதற்கு வேண்டிய பொருள் கிட்டவில்லை. 1808ஆம் ஆண்டு மலையை ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் என்னும் ஆங்கிலப் பொறியாளர், இஃது இயலாத செயல் என்று அறிக்கை அளித்தார். 1850இல் சிறிய அணை ஒன்றைக் கட்டத் தொடங்கினர். காட்டுக் காய்ச்சலுக்கு அஞ்சித் தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்க, அவ்வேலை நின்றது. 1862 முதல் மேஜர் ரைவ்ஸ் என்பவர் மீண்டும் அளவைப் பணியை மேற்கொண்டார். வரைபடங்கள் பெருகின; ஆறு தன்வழியே ஓடியது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் இன்றும் கூறுவர். பசியாலும் நோயாலும் பல லட்சம் மக்கள் மாண்டனர். பஞ்சம் தீர்ந்தபின், கிடப்பிலிருந்த திட்டத்தை அரசு மீண்டும் கையிலெடுத்தது. 1882இல் அதனைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் அளிக்கப்பட்டது.

போர்வீரரின் மகன்

ஜான் பென்னிகுவிக் 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் புனேயில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயப் படையில் உயர்நிலைத் தளபதி. 1849 சனவரி 13 அன்று பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் தந்தையார் வீழ்ந்தார். பதினேழு வயதே நிரம்பிய தமையன் அலெக்சாண்டரும் அதே களத்தில் உயிர்நீத்தார். இரு நாள் கழித்து ஜானுக்கு எட்டு வயது நிறைந்தது.

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், ஆடிஸ்கோம்பில் இயங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1858இல் சென்னைப் பொறியாளர் படையில் அலுவலராகச் சேர்ந்து, 1860இல் இந்தியா வந்தார். இடையே அபிசீனியப் போரிலும் பணியாற்றினார். எனினும் அவருடைய ஆற்றல் வெளிப்பட்டது போர்க்களத்தில் அன்று. பொதுப்பணித் துறையின் பாசனப் பணிகளில்தான். மட்டைப்பந்தாட்டத்தில் பெருவிருப்பம் கொண்ட அவர், சென்னையில் அவ்விளையாட்டு வளரவும் துணைநின்றார்.

முகட்டைத் துளைத்த திட்டம்

பென்னிகுவிக் வகுத்த திட்டத்தின் அடிப்படை எளிதாகச் சொல்லத்தக்கது. பெரியாறு குறுகிய மலையிடுக்கில் நுழையும் இடத்தில் அணை எழுப்ப வேண்டும். தேங்கும் நீர் பின்வாங்கி, முகட்டின் அருகே தேக்கடி வரை பரவும். அங்கிருந்து ஒரு மைலுக்கும் மிகுந்த நீளமுள்ள சுரங்கத்தை முகட்டின் ஊடே குடைந்தால், நீர் தானே கிழக்குச் சரிவில் இறங்கும். வைரவனாறு, சுருளியாறு வழியாக வைகையை அடைந்து, பேரணையில் கால்வாய்க்குத் திரும்பி, மதுரைப் பகுதி வயல்களில் பாயும்.

1884இல் இத்திட்டம் ஒப்புதல் பெற்றது. அணை அமையவேண்டிய இடம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியது. ஆகவே 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டு, ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை என்பன அதன் முதன்மைக் கூறுகள்.

காட்டில் நடந்த வேள்வி

1887இல் வேலை தொடங்கியது. பணியிடத்தில் ஊருமில்லை, சாலையுமில்லை. உணவுப் பொருளும் கருவிகளும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேற வேண்டியிருந்தது. அடிவாரத்திலுள்ள குருவனூற்றில் வெட்டப்பட்ட சுண்ணாம்புக்கல் கம்பிவடத்தில் தொங்கி மேலேறியது. சுண்ணாம்பையும் செங்கற்பொடியாகிய சுர்க்கியையும் கலந்த சாந்தே கற்களைப் பிணைத்தது. சிமெண்டு எளிதிற் கிடைக்காத காலத்தில், நாட்டில் வழங்கிய கட்டுமான அறிவையே பென்னிகுவிக் பேரணைக்கும் நம்பினார்.

ஆற்றின் போக்கைத் தற்காலிகமாகத் திருப்பி அடித்தளம் இடுவதே பெரும் இடராக இருந்தது. உயர்த்திய கரைகளைப் பருவமழை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. ஒரு திங்கள் உழைப்பை ஓரிரவு மழை இல்லையென்றாக்கியது. வெள்ளம் வடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். காய்ச்சல் மிகும் மாதங்களில் வேலையை நிறுத்திவைக்க நேர்ந்தது. காட்டுயானைகளின் நடமாட்டமும் அச்சம் தந்தது.

இவற்றையெல்லாம் தாங்கியவர்கள் பெயர் அறியப்படாத தொழிலாளர்கள். மலைக்குக் கீழுள்ள ஊர்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அவர்களுள் பலர். மலைக்காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களைக் கொன்றன. நோயினால் மட்டும் 483 பேர் இறந்தனர் என்பர். அணைக்கு அருகே, காட்டுக்குள், அவர்களுடைய கல்லறைத்தோட்டம் இன்றும் உள்ளது. அணையைக் காணச் செல்வோர் முதலில் நினைக்கவேண்டிய இடம் அது.

1895ஆம் ஆண்டு அணை நிறைவுற்றது. ஆற்றின் படுகையிலிருந்து 155 அடி உயரமும் ஏறத்தாழ 1,200 அடி நீளமும் கொண்டு அது எழுந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்துவைத்தார். பெரியாற்றின் நீர் முதன்முறையாக முகட்டைக் கடந்து கிழக்கே இறங்கியது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் காலப்போக்கில் அந்நீரால் பயன்பெற்றது.

தெரிந்து தெளிவோம்

அரசு பணம் தர மறுத்ததால் பென்னிகுவிக் தம் மனைவியின் நகைகளையும் இங்கிலாந்திலிருந்த சொத்துகளையும் விற்று அணையைக் கட்டினார் என்னும் கதை மக்களிடையே வழங்குகிறது. அணை அரசின் நிதியில் கட்டப்பட்டது என்பதே ஆவணங்கள் காட்டும் உண்மை. கதை மக்களின் நன்றியிலிருந்து பிறந்தது, அந்நன்றி மெய்யானது. பொருளை விற்றதாகச் சொல்லாமலே போற்றத்தக்க உழைப்பு அவருடையது.

பிற்கால வாழ்வு

1896 முதல் 1899 வரை இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராகப் பென்னிகுவிக் பணியாற்றினார். இந்தியாவுக்கு வரவிருந்த இளம் பொறியாளர்கள் பயின்ற கல்லூரி அது. 1897இல் பெரியாற்றைத் திருப்பிய முறையை விளக்கும் கட்டுரையை இலண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்திற்கு அளித்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்றில் வெள்ளத்தைத் தடுக்கும் வழிகளை ஆராய 1899இல் அழைக்கப்பட்டார். 1911ஆம் ஆண்டு மார்ச்சு 9 அன்று கேம்பர்லியில் காலமானார். அவருடைய உடல் ஃபிரிம்லி என்னும் ஊரின் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வருகிறது. தேனி மாவட்டத்துச் சிற்றூர்களில் அவருடைய படத்தின்முன் பொங்கலிட்டு வணங்கும் வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டிய குடும்பங்களும் உண்டு. கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பில் தமிழ்நாடு அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013 சனவரி 15 அன்று திறக்கப்பட்டது.

ஏரியைக் காக்கும் காடு

பென்னிகுவிக் வயல்களை எண்ணி அணை கட்டினார். அப்பணி அவர் எண்ணாத மற்றொரு பயனையும் தந்தது. தேங்கிய நீர் ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர் காட்டை மூழ்கடித்தது. அவ்வாறு மூழ்கிப் பட்டுப்போன மரங்களின் அடிகள் நூறாண்டுகளைக் கடந்தும் ஏரியின் நடுவே கறுத்து நிற்கின்றன. நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் அவற்றில் அமர்ந்து சிறகுலர்த்துகின்றன. ஒரு காட்டின் இழப்புக்கு அவை சான்று. ஆனால், ஏரியைச் சூழ்ந்து எஞ்சிய காட்டைக் காக்கவேண்டிய தேவையும் அவ்வேரியாலேயே எழுந்தது.

ஏரியைச் சூழ்ந்த பகுதியைத் திருவிதாங்கூர் அரசு 1899இல் காப்புக்காடாக்கியது. 1934இல் நெல்லிக்காம்பட்டி விலங்குக் காப்பகம் உருவாயிற்று. 1950இல் அது விரிவடைந்து பெரியாறு வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 1978இல் புலிகள் காப்பகமாயிற்று. அதன் உட்பகுதியாகிய 350 சதுர கிலோமீட்டர் 1982இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடையில் நீர் தேடி யானைக் கூட்டங்கள் ஏரிக்கரைக்கு இறங்கி வருகின்றன. காட்டெருதும் கடமானும் புல்வெளிகளில் மேய்கின்றன. உயர்ந்த பாறைச்சரிவுகளில் வரையாடும், சோலைக்காடுகளில் சிங்கவால் குரங்கும் வாழ்கின்றன. அம்மலையின் பழங்குடியினராகிய மன்னானும் பளியரும் இன்று வழிகாட்டிகளாகவும் காட்டின் காவலர்களாகவும் பணியாற்றுகின்றனர்.

காப்பகத்தின் எல்லையில், மலையுச்சியில், மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் அங்கு வழிபடச் செல்லலாம். மதுரையை நீங்கிய கண்ணகி இம்மலையிலிருந்து விண்ணுலகு சென்றாள் என்பது மக்களின் நம்பிக்கை. அவள் நினைவைத் தாங்கிய மலையிலிருந்தே மதுரைக்கு நீர் வருகிறது.

இக்காட்டின் தொடர்ச்சியே நம் பக்கத்து மலை. பெரியாறு காப்பகத்தின் உயர்ந்த சிகரமாகிய கோட்டைமலை 2,019 மீட்டர் உயரமுடையது. இரு மாநில எல்லையில் நிற்பது. அதன் கிழக்கே, சாம்பல் நிற அணிலைக் காப்பதற்காக 1988இல் திருவில்லிபுத்தூர்ச் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021இல் அது மேகமலையுடன் இணைந்து, 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. செண்பகத்தோப்பும் சதுரகிரியும் இராசபாளையத்து அய்யனார் அருவியும் இம்மலைச்சரிவுகளில் உள்ளவையே. வைகை தோன்றுவதும் இக்காப்பகத்தின் மலைகளில்தான். மாநில எல்லை வரைபடத்தில் உண்டு. யானையும் புலியும் மேகமும் அதனை அறியா.

அணை நீரைத் தேக்கும், நீரை உண்டாக்காது. மழைநீரை வேரிலும் மண்ணிலும் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு அளிப்பது காடு. காடு அழிந்தால் மண் சரிந்து ஏரியை மேடாக்கும். மழை நின்றவுடன் ஓடைகளும் நின்றுவிடும். ஆகவே பென்னிகுவிக்கின் அணையைக் காப்பது அதன் சுவரைக் காப்பதோடு முடிவதன்று. அது சுந்தரமலையிலிருந்து மேகமலை வரை நிற்கும் காட்டைக் காப்பதும் ஆகும். சுவரை எழுப்பும் வேலை பொறியாளர்க்கும் தொழிலாளர்க்கும் உரியதாக இருந்தது. காட்டைக் காக்கும் வேலை, அந்த மலையைப் பார்த்து வளரும் ஒவ்வொருவர்க்கும் உரியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர் வரும் வழியை முதியோரிடம் கேட்டறிந்து, மலையிலிருந்து வயல்வரை படமாக வரைக.
2. பெரியாற்று அணைப் பணியில் ஈடுபட்ட தொழிலாளி ஒருவர் தம் ஊருக்கு எழுதுவதாகக் கற்பனைக் கடிதம் ஒன்று எழுதுக.
3. மக்கள் வழக்கில் உள்ள கதைக்கும் வரலாற்று ஆவணத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதியைக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.