யெல்லாப்பிரகட சுப்பாராவ்

யெல்லாப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 - ஆகஸ்ட் 1948) சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்காவில் ஆய்வு செய்த இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். உடலின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். ஃபோலிக் அமிலத்தின் செயற்கைத் தயாரிப்பு, யானைக்கால் நோய்க்கான மருந்து, டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் நுண்ணுயிர் எதிர்ப்பியான ஆரியோமைசின் ஆகியவை இவர் வழிநடத்திய ஆய்வுகளில் உருவாயின. ஆரியோமைசின் உட்கொள்ளும் மருந்தாக மட்டுமன்றி, தோலிலும் கண்ணிலும் இடும் களிம்பாகவும் உலகெங்கும் பயன்பட்டது.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் (இன்றைய ஆந்திரப் பிரதேசம்) தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேர்ச்சி பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சைக் கூடத்திலும் கதர் உடை அணிந்ததால் அறுவைத் துறைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார். இதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே இவருக்குக் கிடைத்தது. சிறிது காலம் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

இவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ என்னும் வெப்பமண்டலக் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். மருந்தில்லாத நோய்களுக்கு மருந்து காண வேண்டும் என்ற எண்ணம் இவரிடம் வேரூன்ற இவ்விழப்பு காரணமாயிற்று. 1922இல் மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்கா சென்றார். அதன்பின் அவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

ஆர்வர்டு ஆய்வுகள்

பாஸ்டனில் வெப்பமண்டல மருத்துவம் பயின்ற காலத்தில், செலவுக்காக மருத்துவமனை ஒன்றில் இரவுநேரப் பணியாளராக வேலை செய்தார். ஆர்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை எனப்படும் இது உயிர்வேதியியல் மாணவர்களுக்கு இன்றும் அறிமுகமானது. தசைகளின் ஆற்றலுக்குப் பயன்படும் பாஸ்போகிரியேட்டின் (1927), ஏ.டி.பி. (1929) பற்றிய கண்டுபிடிப்புகள் தொடர்ந்தன. ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே கண்டறிந்தார். 1930இல் முனைவர் பட்டம் பெற்றபோதிலும் சுப்பாராவுக்கு ஆர்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை.

லெடர்லி ஆய்வகம்

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, அதன் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். இவரது குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. இவருடைய சகோதரர்களைப் பலிகொண்ட ஸ்புரூ நோய்க்கு இவ்வமிலம் மருந்தாயிற்று. ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற சேர்மத்தைக் கொண்டு, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளிடம் தற்காலிக நோய்த்தணிவை ஏற்படுத்த முடியும் என்று சிட்னி ஃபார்பர் 1948இல் காட்டினார். 1947இல் வெளிவந்த டை எத்தில் கார்பமசின், தமிழகத்தில் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டங்களில் வழங்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையாகப் பலருக்கும் தெரிந்ததே.

ஆரியோமைசின்

பெனிசிலின் அனைத்துப் பாக்டீரியாக்களையும் கட்டுப்படுத்தவில்லை. எனவே பல இடங்களின் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைச் சேகரித்துச் சோதிக்கும் பணியை லெடர்லி மேற்கொண்டது. பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, எழுபது வயதைக் கடந்திருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர் இப்பணியில் ஈடுபட்டார். மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் வயல் மண்ணிலிருந்து 1945இல் அவர் பிரித்தெடுத்த நுண்ணுயிர் பொன்னிறமாக இருந்தது. இலத்தீனில் பொன்னைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு, அதிலிருந்து பெறப்பட்ட மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயரிடப்பட்டது. இதன் வேதிப்பெயர் குளோர்டெட்ராசைக்ளின். பாக்டீரியாக்களின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைத் தடுப்பதன் மூலம் இது அவற்றின் பெருக்கத்தை நிறுத்துகிறது. 1948 ஜூலையில் இக்கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது.

காயங்களில் களிம்பின் பயன்பாடு

மேற்பூச்சு மருந்துகளின் குறைகள் தொடக்கத்திலேயே தெரியவந்தன. 1940களில் தீக்காயங்களுக்குப் பூசப்பட்ட பெனிசிலின் கிரீம் பலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தியதால் கைவிடப்பட்டது. டெட்ராசைக்ளின் களிம்புகள் பரவியபின் அவற்றுக்குப் பணியாத பாக்டீரியாக்களும் பெருகின. தீக்காயங்களுக்கு 1968இல் அறிமுகமான சில்வர் சல்பாடயசீன் கிரீம் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஏற்றதன்று.

எந்தக் களிம்பும் முதலுதவிக்கு மாற்று ஆகாது. தீக்காயம் பட்டவுடன், குழாயில் ஓடும் குளிர்ந்த நீரில் அவ்விடத்தை 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி வைப்பதும், பற்பசை, மை, இட்லி மாவு போன்றவற்றைப் பூசுவதும் தீங்கானவை. வீக்கம் வருமுன் மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்கலாகாது. சிறு காயமாயின் கைகளைக் கழுவி, காயத்தைச் சுத்தம் செய்து, மருத்துவர் கூறிய களிம்பை மெல்லிய படலமாக, கூறிய நாட்கள் மட்டும் இட வேண்டும். அரிப்போ சிவப்போ மிகுந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண வேண்டும். ஸ்டீராய்டு கலந்த தோல் களிம்பைக் காயத்தில் இடக்கூடாது. மற்றவருக்கு எழுதித் தந்த மருந்தைப் பகிர்வதும் கூடாது.

உள்ளங்கையை விடப் பெரிய தீக்காயம், முகம், கை, பாதம், மூட்டு ஆகியவற்றில் பட்டது, வெளுத்தோ கருகியோ தோன்றுவது ஆகியவற்றுக்கு மருத்துவமனையே உரிய இடமாகும். அங்கு செல்லுமுன் கிரீம் பூசினால் காயத்தின் ஆழத்தை மருத்துவர் மதிப்பிடுவது கடினமாகும். ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற தொழிற்பகுதிகளில் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது முக்கியமானது. மின்சாரத்தால் ஏற்படும் காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கக்கூடும். டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மறைவும் நினைவும்

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், 53ஆம் வயதில், மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். அமெரிக்கக் குடியுரிமையை அவர் பெறவில்லை. நோபல் பரிசும் அவருக்குக் கிட்டவில்லை. பூஞ்சைப் பேரினம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிடப்பட்டுள்ளது. நூற்றாண்டை ஒட்டி 1995இல் இந்திய அஞ்சல் துறை இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. ஆரியோமைசினைத் தொடர்ந்து வந்த டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் ஆகியவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன. தேவையின்றிப் பயன்படுத்தப்படும் அளவுக்கு இவற்றின் ஆற்றலும் குறைந்து வருகிறது.