ஈசுவர சந்திர வித்தியாசாகரர்

கல்விச்சாலையின் பெருமை அதன் மாடங்களிலும் மதில்களிலும் இல்லை. அதனை நடத்தும் தலைவருடைய ஒழுக்கத்திலேயே உள்ளது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர் வங்க நாட்டுப் பேரறிஞர் ஈசுவர சந்திர வித்தியாசாகரர்.

இவர் 1820-ஆம் ஆண்டு, மேதினிபுரிப் பகுதியைச் சேர்ந்த பீர்சிங்கம் என்னும் சிற்றூரில் வறிய அந்தணர் குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் தாகுர்தாசர், அன்னையார் பகவதி தேவியார். இளம்பருவத்தில் தந்தையாருடன் கல்கத்தாவுக்கு நடந்து சென்றபொழுது, வழியில் நின்ற மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார். அந்நகரத்து வடமொழிக் கல்லூரியில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்று, கல்விக்கடல் எனப் பொருள்படும் வித்தியாசாகரர் என்னும் பட்டத்தைப் பெற்றார்.

1846-ஆம் ஆண்டு அக்கல்லூரியிலேயே துணைச் செயலராக அமர்ந்தார். பாடமுறையைச் சீர்திருத்த அவர் வகுத்த திட்டத்தைச் செயலர் ஏற்கவில்லை. கொள்கையை விடுத்துப் பதவியைப் பற்றிக்கொண்டிருக்க மனமின்றி, அடுத்த ஆண்டே அவர் அப்பணியைத் துறந்தார்.

அவருடைய தகுதியை அரசினர் மறந்தாரல்லர். 1851-ஆம் ஆண்டு அவரே அக்கல்லூரியின் தலைவராயினார். அதுகாறும் அந்தணரும் வைத்தியகுலத்தாருமே அங்குப் பயின்று வந்தனர். கல்வி ஒருசிலர்க்கே உரிய உடைமையன்று எனக் கருதிய வித்தியாசாகரர், காயத்தர் குலத்தார்க்கும், பின்னர் ஏனைய இந்துக் குடும்பத்து இளைஞர்க்கும் கல்லூரியின் வாயிலைத் திறந்துவிட்டார். வடமொழி இலக்கணத்தை மாணவர் எளிதில் உணருமாறு வங்கமொழியில் நூல் இயற்றினார். சிறுவர் எழுத்தறிய அவர் எழுதி 1855-இல் வெளியிட்ட வர்ணபரிசயம் என்னும் நூல், தலைமுறை தலைமுறையாக வங்கச் சிறுவரின் முதற் பாடநூலாக விளங்கிற்று.

அதே ஆண்டில் பள்ளிகளைப் பார்வையிடும் பொறுப்பும் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பெண்கள் கல்லாதிருக்கும் நாடு உயராது என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே, அரசு பொருளுதவி செய்யும் என்னும் நம்பிக்கையுடன், 1857 நவம்பர் முதல் 1858 மே வரையுள்ள சில திங்களில் ஊர்தோறும் சென்று 35 பெண்பள்ளிகளை நிறுவினார். ஏறத்தாழ 1300 சிறுமியர் அவற்றில் பயிலலாயினர். அந்தோ! மேலிடத்தரசு பொருள் தர மறுத்துவிட்டது. ஆசிரியர்க்குத் திங்கட் கணக்கில் ஊதியம் நிலுவையாயிற்று.

அவர்கள் அரசினை நம்பி வந்தவர்கள் அல்லர். வித்தியாசாகரரை நம்பி வந்தவர்கள். ஆதலின், அரசு தராவிடின் அக்கடனைத் தாமே தீர்த்தல் கடமை எனக் கொண்டார். பன்முறை முறையிட்ட பின்னர், நிலுவையை மட்டும் கொடுக்க அரசு இசைந்தது. பள்ளிகளைத் தொடர்ந்து தாங்க இசையவில்லை. மேலதிகாரிகளோடு கருத்து வேறுபாடும் முற்றியது. 1858-ஆம் ஆண்டு, திங்கள்தோறும் 500 ரூபாய் வந்த பதவியை அவர் உதறினார். ஆயினும் பள்ளிகளை உதறவில்லை. தம் கைப்பொருளைத் தந்தும், நண்பர்பால் நன்கொடை பெற்றும் அவற்றுட் பலவற்றைக் காத்துவந்தார்.

பின்னர் மெட்ரோபாலிட்டன் கல்விக்கழகத்தின் பொறுப்பை ஏற்று, இந்திய ஆசிரியர்களைக்கொண்டே நடத்தி, 1872-இல் அதனைக் கல்லூரியாக உயர்த்தினார். மாணவரை அடித்துத் திருத்தும் வழக்கத்தை அங்கு விலக்கினார். 1891-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவர்களே! பதவி பெறுதல் பலர்க்கும் கைகூடும். தம்மை நம்பினாரைக் கைவிடாமையே தலைமைக்கு அழகு. அவ்வழகை வித்தியாசாகரர் தம் வாழ்வால் விளக்கிச் சென்றார்.