காப்பீடு வளர்த்த சிதம்பரம் செட்டியார்

கும்மிடிப்பூண்டியிலும் பொன்னேரியிலும் புறநகர் ரயிலேறிச் சென்னைக்குச் செல்லும் நம்மில் பலர், அண்ணா சாலையிலுள்ள எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்திருப்போம். ஆயின், அதை எழுப்பத் தொடங்கியவர் யாரென அறிந்தோர் மிகச் சிலரே. அவர்தாம் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார்.

1908இல் செட்டிநாட்டு வணிகக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் சர் முத்தையா செட்டியார் 1929இல் மறைந்தபோது, இருபது வயதை ஒட்டிய இளைஞராகிய இவர்மேல் குடும்பப் பொறுப்பு வந்து விழுந்தது. கொண்டுவிற்றலும் கடல்கடந்த வட்டித் தொழிலுமே அக்குலத்தார் அறிந்த வழி. இவரோ புதுவழி கண்டார். 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று நகரங்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். பெரும்பாவூரில் ரேயான் ஆலையும் கண்டார்.

1906இல் சென்னையில் தோன்றிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி இவர் தலைமையில் தழைத்தது. அந்நாளில் ஆயுள் காப்பீடு என்பதே அற்பாயுளுக்கு அஞ்சியோர் செய்துகொண்ட ஏற்பாடு. 1941-50ஆம் ஆண்டுகளில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. (பச்சிளங்குழந்தைகளின் சாவு மிகுதியால் இறங்கிய சராசரி இது, எல்லோரும் முப்பத்திரண்டில் மடிந்தனர் என்று கொள்ளலாகாது.) ஓரியண்டல் கம்பெனி 1925-35இல் கண்ட மரண விகிதத்தைக் கொண்டே பிரிமியம் கணக்கிடப்பட்டது.

மவுண்ட் ரோட்டில் தம் கம்பெனிக்கென 1953இல் மாடிக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, மார்ச் 13 அன்று, சிங்கப்பூரில் இறங்குகையில் விபத்துக்குள்ளான விமானத்தில் உயிர்நீத்தார். வயது நாற்பத்தைந்து. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. 245 நிறுவனங்கள் ஒன்றாகி, செப்டம்பர் 1இல் எல்.ஐ.சி. பிறந்தது. 1959இல் திறக்கப்பட்டபோது இந்தியாவிலேயே உயர்ந்ததாயிருந்த அக்கட்டடம், அதனால்தான் வேறொரு பெயர் தாங்கியது.

இன்று சராசரி ஆயுள் எழுபதை எட்டியுள்ளது. இளமையில் சாவோமோ என்னும் அச்சம் போய், சம்பளமின்றி நெடுநாள் வாழ்வோமே என்னும் கவலை வந்துவிட்டது. பாலிசிதாரர் நீடு வாழ்ந்தால் ஆயுள் காப்பீட்டில் கம்பெனிக்கு ஆதாயம். ஓய்வூதியத்திலோ அதே நீடுவாழ்வு செலவு. ஓய்வூதியம் வாங்குவோர் பிறரினும் நெடுங்காலம் வாழ்கின்றனர். ஆகவே அவர்க்கெனத் தனி மரண அட்டவணையே உண்டு. மருத்துவக் காப்பீட்டின் சிக்கல் இதனினும் பெரிது. 65 வயதைக் கடந்தோரைப் புதிதாய்ச் சேர்க்கக் கம்பெனிகள் தயங்கின. 2024இல் அவ்வயது வரம்பு நீங்கியது. எழுபது கடந்தோர்க்கு மத்திய அரசின் ஐந்து லட்ச ரூபாய்த் திட்டமும் அவ்வாண்டே வந்தது. வரம்பு நீங்கினும் வயதுக்கேற்பப் பிரிமியம் ஏறுகிறதே! 58இல் சிப்காட் ஆலையிலிருந்து ஓய்வு பெறும் தொழிலாளி அதை எங்ஙனம் கட்டுவார்?

யுனைடெட் இந்தியா என்னும் பெயர் ஆயுள் காப்பீட்டில் மறைந்தது. 1938இல் அதே பெயரில் தோன்றிய பொதுக் காப்பீட்டுக் கம்பெனியோ 1972இல் நாட்டுடைமையாகியும் பெயரை விடவில்லை. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, நம் வீட்டுப் பாட்டிமார்க்கும் கார்டு வழங்கி அதை ஏற்று நடத்தியது அக்கம்பெனியே.