விளையாட்டுக் கருவியில் பிறந்த இசை

கையடக்க விளையாட்டுக் கருவி என்றதும் பலருக்கு விளையாட்டு மட்டுமே நினைவுக்கு வரும். ஆனால், அதில் பாட்டுக் கேட்டவர்களும் உண்டு. இசையமைத்து மேடையேறியவர்களும் உண்டு. அவர்கள் பயன்படுத்திய கருவிகளுள் புகழ்பெற்றது ‘கேம் பாய்’. அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் குன்பெய் யோகோய்.

யோகோய் 1941ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தார். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் பயின்ற அவர், 1965இல் நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் அந்நிறுவனம் ‘ஹனாஃபுடா’ எனும் ஜப்பானிய விளையாட்டுச் சீட்டுகளைத் தயாரித்து வந்தது. சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதே யோகோயின் வேலை. ஓய்வு நேரத்தில் அவர் ஒரு விளையாட்டுப் பொருளைச் செய்தார். நீண்டு சுருங்கும் கை போன்ற அது, எட்டாத பொருளையும் பற்றி எடுக்கும். அதனைக் கண்ட நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி, விற்பனைக்கு ஏற்றவாறு அதை உருவாக்கும்படி பணித்தார். 1966இல் வெளிவந்த அந்த ‘அல்ட்ரா ஹேண்ட்’ பத்து இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. இயந்திரம் பழுதுபார்த்தவர் விளையாட்டுப் பொருள் வடிவமைப்பாளர் ஆனார்.

ஒருநாள் அதிவேக இரயிலில் சென்றபோது, பயணி ஒருவர் பொழுது போகாமல் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருப்பதை யோகோய் கவனித்தார். கையில் அடங்கும் விளையாட்டுக் கருவி ஒன்றை உருவாக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அக்காலத்தில் கணிப்பான்களின் திரையும் சில்லும் மலிவாகக் கிடைத்தன. அவற்றைக் கொண்டே 1980இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ உருவானது. நன்கு பழகிப்போன, விலை குறைந்த தொழில்நுட்பத்தை எவரும் எண்ணாத வழியில் பயன்படுத்த வேண்டும் என்பதே யோகோயின் கொள்கை.

கேம் பாய் உருவானபோது அக்கொள்கை கடுஞ்சோதனையைச் சந்தித்தது. வண்ணத்திரை வைப்பதா, வேண்டாமா என முடிவெடுக்க வேண்டியிருந்தது. வண்ணத்திரை கண்ணைக் கவரும். ஆனால், விலையைக் கூட்டும், மின்கலத்தையும் விரைவில் தீர்த்துவிடும். யோகோய் வண்ணமில்லாத திரையையே தேர்ந்தெடுத்தார். கேம் பாய் 1989இல் வெளிவந்தது. போட்டி நிறுவனங்களின் வண்ணத்திரைக் கருவிகளுக்கு ஆறு மின்கலங்கள் தேவைப்பட்டன; அவையும் சில மணி நேரத்தில் தீர்ந்தன. கேம் பாயோ நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக இயங்கியது. மங்கலான திரை கொண்ட கருவியே சந்தையில் வென்றது.

அந்தச் சிறு கருவியின் இசையும் சிக்கனத்தில் பிறந்ததுதான். பாடல்களைப் பதிவுசெய்து வைக்கப் போதிய நினைவகம் அதில் இல்லை. எனவே, எந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டும் விளையாட்டில் எழுதப்பட்டன. அக்கட்டளைகளைப் படித்து, சில்லு அவ்வப்போதே ஒலியை உண்டாக்கியது. ஒரே நேரத்தில் நான்கு வகை ஒலிகளே எழுந்தன. வெளியே ஒரே ஒலிபெருக்கிதான். ஹெட்போனை மாட்டினாலோ இரு காதுகளிலும் வெவ்வேறு ஒலிகளைக் கேட்கலாம். ‘டெட்ரிஸ்’ விளையாட்டை ஆடுபவர்கள் மூன்று மெட்டுகளுள் விரும்பியதைத் தேர்ந்தெடுத்துக் கேட்டனர்.

யோகோய்க்குத் தோல்வியும் வந்தது. 1995இல் அவர் உருவாக்கிய ‘வர்ச்சுவல் பாய்’ சிவப்பு நிறத்தில் மட்டுமே படம் காட்டியது. மக்கள் அதை விரும்பவில்லை. ஓராண்டுக்குள் தயாரிப்பு நின்றது. 1996இல் அவர் நிண்டெண்டோவிலிருந்து விலகிச் சொந்த நிறுவனம் தொடங்கினார். அங்கும் தம் கொள்கையைக் கைவிடவில்லை. ஒரே மின்கலத்தில் இயங்கும் ‘வொண்டர்ஸ்வான்’ எனும் கருவியின் உருவாக்கத்தில் ஈடுபட்டார். ஆனால், அது வெளிவருமுன்பே, 1997 அக்டோபர் 4ஆம் நாள் சாலை விபத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 56.

அவர் மறைந்த பிறகு, கையடக்க விளையாட்டுக் கருவிகள் பாட்டுப் பெட்டிகளாகவும் மாறின. 2005இல் நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ‘ப்ளே-யான்’ எனும் இணைப்பு, கேம் பாய் வரிசையில் வந்த புதிய கருவிகளில் எம்பி3 பாடல்களை ஒலிக்கச் செய்தது. 2008இல் வந்த ‘டிஎஸ்ஐ’ கருவியில் பாட்டுக் கேட்கும் வசதி உள்ளேயே இருந்தது. இதற்கிடையே, ஐரோப்பாவில் சில இளைஞர்கள் பழைய கேம் பாயில் இசையமைக்க உதவும் நிரல்களை எழுதினர். புதிய கருவிகள் எத்தனையோ வந்த பின்னும், பலர் அந்தப் பழைய கருவியின் நான்கு ஒலிகளைக் கொண்டே பாடல்களை அமைத்து அரங்குகளில் இசைத்தனர்.

பழையதைப் புதிய வழியில் பயன்படுத்துங்கள் என்று அவர்களிடம் யோகோய் சொன்னதில்லை. அவர்களைச் சந்தித்ததும் இல்லை. ஆயினும், அவர் வழியிலேயே அவர்கள் நடந்தனர். 1999இல் வொண்டர்ஸ்வான் வெளிவந்தபோது, அதற்கென உருவான புதிர் விளையாட்டு ஒன்றுக்கு அவர் நினைவாக ‘குன்பெய்’ என்று பெயரிடப்பட்டது.